ரஃபீக் ஹரீரி கொலை வழக்கு: பெய்ரூட் கார் குண்டு விசாரணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹரீரி வழக்கைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஒரு விதமாகக் கேட்பார்கள், செய்தி படித்துவிட்டு வருபவர்கள் இன்னொரு விதமாகக் கேட்பார்கள்; சுற்றிச் சுற்றி வருவது ஒரே இடத்துக்குத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும் என்பதால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

முதலில் கதையைச் சொல்லுங்கள். ஹரீரி யார், அன்றைக்கு என்ன நடந்தது?

லெபனானின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் இடிந்துகிடந்த பெய்ரூட்டின் மையப் பகுதியைத் திரும்பக் கட்டியவர் என்று பெயர் எடுத்தவர் ரஃபீக் ஹரீரி. சவுதியில் கட்டுமானத் தொழில் செய்து பெரும் பணக்காரரானவர். 1992 முதல் 1998 வரையிலும், பிறகு 2000 முதல் 2004 அக்டோபர் வரையிலும் பிரதமர். அந்தக் காலத்தில் லெபனானில் சிரியாவின் ராணுவமும் உளவுத் துறையும் வைத்ததே சட்டம். அதிபர் எமில் லஹூதின் பதவிக் காலத்தை நீட்டிக்க வேண்டும் என்று சிரியா அழுத்தம் கொடுத்ததில் உறவு முறிந்து, ஹரீரி பதவியை விட்டார்.

2005 பிப்ரவரி 14, திங்கட்கிழமை. நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டு, எதிரே ஒரு காபிக் கடையில் சிறிது நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினார். ஆறு வண்டிகள் வரிசையாகப் போயின. குண்டு துளைக்காத மெர்சிடிஸ் காரை அவரே ஓட்டினார்; பக்கத்தில் முன்னாள் அமைச்சர் பாசல் ஃபுலைஹான். பகல் 12.55-க்குக் கடற்கரைச் சாலையில் செயின்ட் ஜார்ஜ் ஹோட்டலைத் தாண்டும்போது, ஓரமாக நின்ற ஒரு வண்டி வெடித்தது. ஹரீரியோடு சேர்த்து 22 பேர் இறந்தார்கள், 226 பேர் காயமடைந்தார்கள். ஃபுலைஹான் தீக்காயங்களோடு இரண்டு மாதம் போராடி, பாரிஸ் மருத்துவமனையில் இறந்தார்.

அந்த ஊர் போலீஸ் விசாரிக்க வேண்டியதுதானே? ஐ.நா. எதற்கு?

அந்த ஊர் போலீஸை யாரும் நம்பவில்லை, அதுதான் விஷயம். பாதுகாப்புத் துறைகளின் தலைமையில் இருந்தவர்கள் சிரியாவுக்கு நெருக்கமானவர்கள். கொலைக்குச் சிரியாதான் காரணம் என்று தெருவில் லட்சக்கணக்கானவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். சந்தேகப்படுபவரின் வேலைக்காரரிடமே விசாரணையைக் கொடுப்பதா என்ற கேள்வி வந்தது.

ஐ.நா. முதலில் அயர்லாந்து போலீஸ் அதிகாரி பீட்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் ஒரு சிறு குழுவை அனுப்பியது. அவர் மார்ச் மாதமே அறிக்கை கொடுத்தார்: லெபனான் நடத்தும் விசாரணையில் பெரும் குறைகள், நேர்மையாக முடிக்கும் திறனோ மனமோ அங்கே இல்லை. அதன் மேல் 2005 ஏப்ரல் 7 அன்று பாதுகாப்புக் கவுன்சில் 1595-ஆம் தீர்மானம் போட்டு முழு விசாரணை ஆணையம் அமைத்தது. ஏப்ரல் 26-க்குள் சிரியப் படையும் 29 ஆண்டுக்குப் பிறகு லெபனானை விட்டுப் போனது. 2007-இல் இன்னொரு தீர்மானம், அதிலிருந்து தனி நீதிமன்றம். 2009 மார்ச்சில் நெதர்லாந்தில், ஹேக் அருகே லெய்ட்சென்டாம் என்ற ஊரில் அது வேலையைத் தொடங்கியது.

சம்பவ இடத்தையே கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். அப்படி என்னதான் செய்தார்கள்?

கேட்டால் நம்ப முடியாது. அணிவகுப்பில் வந்து நொறுங்கிய கார்களை அன்றிரவே தூக்கி ஒரு போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எந்தக் கார் எந்தக் கோணத்தில், பள்ளத்திலிருந்து எத்தனை அடி தள்ளிக் கிடந்தது என்பதுதான் வெடிப்பின் திசையையும் வலிமையையும் கணக்கிட முதல் ஆதாரம். அது ஒரே ராத்திரியில் போனது.

அதைவிட மோசம், ஒரு பிக்கப் வண்டியின் பாகங்களைப் பாதுகாப்புத் துறை ஆட்களே பிறகு கொண்டுவந்து பள்ளத்துக்குள் வைத்து, போட்டோ எடுத்து, ஆதாரம் என்று சீட்டு ஒட்டியது. இது வம்புப் பேச்சு இல்லை, ஃபிட்ஸ்ஜெரால்ட் அறிக்கையிலேயே இருக்கிறது. ஒருவரைக் காணவில்லை என்று குடும்பம் தேடிக்கொண்டே இருந்தது. மார்ச் 1 அன்று, வெடித்துப் பதினைந்து நாள் கழித்து, சொந்தக்காரர்களே அந்த இடத்துக்குப் போய் இடிபாட்டுக்குள் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். போலீஸ் காவலில் இருந்த இடம் அது. ஒரு மனித உடலையே பார்க்கத் தவறியவர்கள் விரல் அளவு இரும்புத் துண்டைப் பார்த்திருப்பார்களா?

சதியா, அசட்டையா என்று உடனே அடுத்த கேள்வி வரும். போர்க்காலத்தில் குண்டு வெடித்தால் சாலையைக் கழுவிவிட்டு மறுநாள் திறப்பது பெய்ரூட்டுக்குப் பழக்கமான காரியம். அந்தப் பழக்கத்தை வைத்துக் கொஞ்சம் விளக்கலாம். பிக்கப் பாகங்களை அப்படி விளக்க முடியாது என்பது என் கருத்து.

வண்டியே தூளாகிவிட்டது. அப்புறம் எப்படி எந்த வண்டி என்று சொல்கிறார்கள்?

கார் குண்டில் கார் காணாமல் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். போகாது. தகடு கிழியும், பிளாஸ்டிக் எரியும். எஞ்சின் பிளாக், அச்சு, கியர் பெட்டி மாதிரியான வார்ப்பிரும்புப் பாகங்கள் துண்டாகி எங்கேயோ போய் விழும். வெடிமருந்துக்கு ஒட்டி இருந்த இரும்புக்கும் பத்தடி தள்ளி இருந்த இரும்புக்கும் முறிவிலும் வளைவிலும் வித்தியாசம் உண்டு. அதனால் குண்டைச் சுமந்த வண்டியின் துண்டு எது, பக்கத்தில் நின்று அடிபட்ட வண்டியின் துண்டு எது என்று நிபுணர்கள் பிரிப்பார்கள்.

பள்ளத்து மண்ணைச் சலித்தார்கள், பக்கத்துக் கட்டடங்களில் தேடினார்கள், கடலுக்குள் மூழ்கியும் தேடினார்கள். மிட்சுபிஷி கேன்டர் ரக வேனின் துண்டுகள் பல கிடைத்தன. எஞ்சின் பிளாக்கின் ஒரு துண்டில் எண் இருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஜப்பானில் போய் நிற்கிறது: சகமிஹாரா நகரத்தில் 2004 அக்டோபர் 12 அன்று திருட்டுப் போன வண்டி. அங்கிருந்து அரபு அமீரகம், பிறகு லெபனானின் வடக்கே திரிபோலி. அங்கே பழைய வண்டி விற்கும் ஒரு கடையில் 2005 ஜனவரியில் பொய்ப் பெயர் சொல்லி, ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து வங்கியின் கண்காணிப்புக் கேமராவில், ஹரீரியின் கார்கள் வருவதற்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம் முன்பு ஒரு வெள்ளை கேன்டர் அந்தப் பக்கம் போவது பதிவாகியிருந்தது. மற்ற வண்டிகளைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு மெதுவாக ஊர்ந்து போனது.

பிக்கப் பாகங்களை வைத்த மாதிரி இதையும் யாராவது வைத்திருக்கலாமே என்று, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய எதிர்த்தரப்பு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் துண்டுகள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை, வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு காலத்தில் எடுத்தவை. அவற்றின் முறிவும் சேர்ந்து பொருந்தியதால் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

குண்டு சாலைக்கு அடியில் புதைத்து வைத்தது என்று எங்கோ படித்தேன். வேன் கதை கட்டுக்கதையா?

இந்தச் சந்தேகம் முதல் வாரத்திலேயே வந்தது, இன்னும் போகவில்லை. பள்ளம் அகலமாக, ஆழமாக இருந்தது, செயின்ட் ஜார்ஜ் அருகே அதற்கு முன்பு சாலை வேலை நடந்தது என்ற பேச்சும் இருந்தது. ஆணையத்தின் நிபுணர்களே ஆரம்பத்தில் இரண்டு வாய்ப்பையும் திறந்துதான் வைத்திருந்தார்கள்.

கடைசியில் 2010-இல் பிரான்சில் ஒரு ராணுவத் தளத்தில் அதே மாதிரி சாலை, சுவர், கார்கள் எல்லாம் அமைத்து வெடித்தே பார்த்தார்கள். தரைக்கு மேல், வேனின் சரக்குத் தளத்தின் உயரத்தில் வெடித்தால் எப்படிப்பட்ட பள்ளம் விழும் என்று அளந்தார்கள். பெய்ரூட் பள்ளத்தோடு ஒத்துப்போனது. இரண்டரை முதல் மூன்று டன் டி.என்.டி.க்குச் சமமான வெடிமருந்து என்பது நீதிமன்றத்தின் முடிவு. வேனின் துண்டுகள் சிதறியிருந்த விதமும் வெடிமருந்து அதற்குள்தான் இருந்தது என்பதைக் காட்டியது. கீழே இருந்து வெடித்திருந்தால் மேலே நின்ற வண்டி அப்படிக் கிழிந்திருக்காது.

வண்டியை ஓட்டியவர் யார்?

தெரியாது. இன்றுவரை பெயர் இல்லை. அந்த இடத்தில் கிடைத்த உடல் துணுக்குகளில், இறந்தவர்கள் யாரோடும் பொருந்தாத ஒரே ஆணின் துணுக்குகள் பல இருந்தன, ஒரு முன்பல் உட்பட. மரபணு ஒன்றே. அவ்வளவு சிறிதாகச் சிதற வேண்டுமானால் வெடிமருந்துக்கு மிக அருகில் இருந்திருக்க வேண்டும். ஆகவே தற்கொலைத் தாக்குதல் என்று முடிவுக்கு வந்தார்கள். ஹரீரியின் கார்களில் ரிமோட் குண்டுகளைத் தடுக்கும் ஜாமர் கருவிகள் இருந்தன. கையால் வெடிக்கவைக்க ஆள் தேவைப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பல்லில் ஒரு விசேஷம் உண்டு. சின்ன வயதில் குடித்த தண்ணீரின், சாப்பிட்ட உணவின் வேதியியல் தடயம் பல் எனாமலில் அப்படியே தங்கிவிடும், பிறகு மாறாது. அதைப் பரிசோதித்து, இவர் இளம் வயதை லெபனானில் கழித்தவர் அல்ல என்று சொன்னார்கள். எங்கிருந்து வந்தார், யார் கூட்டிவந்தார்கள், தெரிந்துதான் வந்தாரா என்பதற்கெல்லாம் விடை இல்லை.

அல் ஜசீராவில் ஒருவர் வீடியோவில் வந்து ‘நாங்கள்தான் செய்தோம்’ என்றாரே? அவர்தானே ஓட்டினார்?

அவர் பெயர் அஹ்மத் அபு அதஸ். பெய்ரூட்டில் வாழ்ந்த பாலஸ்தீன இளைஞர், 22 வயது. வெடித்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ராய்ட்டர்ஸுக்கும் அல் ஜசீராவுக்கும் பொதுத் தொலைபேசியிலிருந்து போன் வந்தது. அதற்கு முன் யாரும் கேள்விப்படாத ஓர் அமைப்பின் பெயரைச் சொன்னார்கள். வீடியோ நாடாவை ஒரு மரத்தில் வைத்திருக்கிறோம், போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதில் அபு அதஸ் பேசினார்.

ஆனால் அவருடைய மரபணு முந்தைய பதிலில் சொன்ன அந்த ஆணோடு பொருந்தவில்லை. அவருக்கு கார் ஓட்டவே தெரியாது என்று குடும்பம் சொன்னது. ஜனவரி 16 அன்று, மசூதியில் பழக்கமான ‘முகமது’ என்ற ஒருவர் கூப்பிட்டார் என்று வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. கண்ணைத் திருப்புவதற்காகப் பிடித்துப் பேசவைத்த ஆள் என்பதுதான் அரசுத் தரப்பின் வாதம், நீதிமன்றமும் வீடியோவைப் பொய் என்றே முடிவுசெய்தது. ஹரீரி வழக்கு என்றால் எல்லோரும் 22 பேரைச் சொல்கிறார்கள். இந்தப் பையனையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

செல்போனை வைத்துப் பிடித்தார்கள் என்கிறீர்கள். பேச்சை ஒட்டுக்கேட்டார்களா?

இல்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, பேச்சு எதுவும் பதிவாகவில்லை. கைக்குக் கிடைத்தது செல்போன் கம்பெனிகள் பில் போடுவதற்காக வைத்திருக்கும் பதிவுகள்தான்: எந்த எண், எந்த எண்ணைக் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு, எத்தனை வினாடி, எந்தக் கருவி, அழைப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் எந்தக் கோபுரம். அவ்வளவே.

இந்தப் பதிவுகளை நீதிபதியின் உத்தரவு இல்லாமல் வாங்கினார்கள், அதனால் செல்லாது என்று எதிர்த்தரப்பு மேல்முறையீடு வரை போனது. 2015-இல் அந்த வாதம் தள்ளுபடி ஆனது. ஒரு நாட்டின் மொத்த அழைப்புப் பதிவுகளையும் அள்ளிக் கொடுத்ததைப் பற்றி எனக்கு இன்றும் சங்கடம் உண்டு, ஆனால் வழக்கின் முதுகெலும்பு அதுதான்.

கோடிக்கணக்கான அழைப்புகளில் அந்தக் கொஞ்சம் போன்களை எப்படிப் பிரித்தார்கள்?

கொலைகாரர்கள் கொஞ்சம் அதிகமாகவே ஜாக்கிரதையாக இருந்தார்கள், அதனால்தான். சாதாரண மனிதரின் போனில் அம்மா, மளிகைக் கடை, அலுவலகம், தவறான எண் எல்லாம் இருக்கும். எட்டுப் போன்களில் அது எதுவுமே இல்லை. 2005 ஜனவரி 4 அன்று திரிபோலி வட்டாரத்தில், அரை மணி நேர இடைவெளிக்குள் எட்டும் உயிர்பெற்றன. எட்டும் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொண்டன. வெளியாள் ஒருவருக்கும் ஓர் அழைப்பு இல்லை. பிப்ரவரி 14 பகல் 12.53-க்குக் கடைசி அழைப்பு. அப்புறம் எட்டும் செத்துப்போயின. வெடித்தது 12.55-க்கு.

விசாரணையில் இதற்குச் சிவப்பு வலைப்பின்னல் என்று பெயர் வைத்தார்கள். அன்று காலை அதில் ஆறு போன்கள் நாடாளுமன்றத்திலிருந்து செயின்ட் ஜார்ஜ் வரை வெவ்வேறு இடங்களில் இருந்த கோபுரங்களைத் தொட்டன. அதற்கு முந்தைய வாரங்களில் ஹரீரி எங்கே போனாரோ அங்கே இவையும் போயிருந்தன.

இதோடு பச்சை, நீலம், மஞ்சள், ஊதா என்று மற்ற வலைப்பின்னல்களும் வந்தன. பச்சையில் மூன்று போன்கள், மேலிடத்துக்கும் களத்துக்கும் நடுவே பேச. ஊதாவில் மூன்று, அபு அதஸ் விவகாரத்துக்கு. நீலமும் மஞ்சளும் 2005-க்கு முன்பிருந்தே இருந்த குழுப் போன்கள், வேவு பார்க்கப் பயன்பட்டவை. அவற்றில்தான் ஒழுங்கு கொஞ்சம் தளர்ந்தது, வெளியாட்களின் எண்களும் தென்பட்டன.

சரி, போன் எங்கே இருந்தது என்று தெரியும். யார் கையில் இருந்தது என்று எப்படித் தெரியும்? சிம் எல்லாம் போலிப் பெயரில்தானே?

நான் பார்த்த கேள்விகளிலேயே இதுதான் சரியான இடத்தைத் தொடுவது. விடை: ஒரே ஆள் பல போன்களைச் சுமந்தார். உதாரணத்துக்கு, ஒருவர் பையில் ஒரு சிவப்புப் போன், ஒரு பச்சைப் போன், வீட்டுக்குப் பேச ஒரு சொந்தப் போன் என்று வையுங்கள். காலை ஒன்பது மணிக்குச் சொந்தப் போன் தெற்குப் புறநகரில் ஒரு கோபுரத்தைத் தொடுகிறது. ஒன்பதே காலுக்குப் பச்சை அதே கோபுரத்தை. பத்து மணிக்குச் சிவப்பு நகர மையத்தில், பத்தே காலுக்குச் சொந்தப் போனும் அங்கேயே. ஒரு நாள் இப்படி என்றால் தற்செயல். மாதக்கணக்கில், வெவ்வேறு ஊர்களில், ஒரு தடவைகூட இரண்டு போனும் ஒரே நேரத்தில் வேறு வேறு இடத்தில் இல்லை, ஒரே வினாடியில் இரண்டும் பேசவும் இல்லை என்றால், சுமந்தவர் ஒருவர்தான். அப்புறம் சொந்தப் போனைப் பார்த்தால் போதும்: மனைவி, உறவினர், வேலையிடம் என்று ஆளின் பெயர் தானாக வெளியே வரும்.

இப்படித்தான் சலீம் அய்யாஷ் என்பவரிடம் வந்து சேர்ந்தார்கள். முஸ்தஃபா பத்ருத்தீனையும் இப்படியே. லெபனானின் ஷியா கட்சியும் ஆயுத அமைப்புமான ஹெஸ்புல்லாவின் ராணுவத் தளபதியான அவர் சாமி ஈசா என்ற பொய்ப் பெயரில் நகை வியாபாரியாகப் பெய்ரூட்டில் உலவினார் என்பது அரசுத் தரப்பு காட்டிய சித்திரம்.

பலவீனமும் இதிலேயே இருக்கிறது. கோபுரம் காட்டுவது ஒரு வட்டாரத்தை, வீட்டு வாசலை அல்ல. நெரிசலான ஊரில் ஒரே கோபுரத்துக்குக் கீழே ஆயிரம் பேர் இருப்பார்கள். ஒரே கட்சிக்காரர்கள், ஒரே பேட்டை, ஒரே வழித்தடம் என்றால் இரண்டு பேரின் போன்கள் சேர்ந்தே நகர்வது போலத் தோன்றலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் பல ஆண்டுகள் இதையேதான் குடைந்தார்கள். அய்யாஷ் விஷயத்தில் நீதிமன்றம் அசையவில்லை, மற்றவர்கள் விஷயத்தில் அசைந்தது. அதைத் தீர்ப்புக் கேள்வியில் சொல்கிறேன்.

இதையெல்லாம் கண்டுபிடித்தது ஐ.நா. நிபுணர்களா, அந்த ஊர் அதிகாரி ஒருவரா?

வீஸாம் ஈத். லெபனான் உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின் உளவுப் பிரிவில் கேப்டன், கம்ப்யூட்டர் படித்தவர். சிவப்புப் போன்களை முதலில் பிரித்தெடுத்தவர் அவர்தான் என்றும், அவர் 2006-இல் கொடுத்த அறிக்கை ஐ.நா. ஆணையத்தில் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்றும் கனடாவின் சி.பி.சி. 2010-இல் செய்தி வெளியிட்டது. 2008 ஜனவரி 25 அன்று பெய்ரூட்டின் புறநகரான ஹஸ்மியேவில் ஒரு கார் குண்டு அவரைக் கொன்றது. ஆணையம் அவரோடு உட்கார்ந்து பேசத் தொடங்கியிருந்த சமயம்.

அவருடைய மேலதிகாரி 2006-இல் சாலையோரக் குண்டில் காயத்தோடு தப்பியவர். அந்தப் பிரிவின் தலைவர் வீஸாம் அல் ஹசன் 2012 அக்டோபர் 19 அன்று அஷ்ரஃபியே என்ற குடியிருப்புப் பகுதியில், குறுகிய தெரு ஒன்றில் நின்ற கார் வெடித்து இறந்தார். இவர் ஹரீரியின் பாதுகாப்பில் இருந்தவர். 2005-இல் அந்தத் திங்கட்கிழமை மட்டும் பல்கலைக்கழகத் தேர்வு என்று விடுப்பில் இருந்ததால், இவர் மீதே ஆணையத்துக்கு ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது.

நான்கு தளபதிகளைப் பிடித்து உள்ளே வைத்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்?

ஆணையத்தின் முதல் தலைவர் ஜெர்மன் வழக்கறிஞர் டெட்லெவ் மெலிஸ். பெர்லின் இரவு விடுதிக் குண்டு வழக்கை நடத்திப் பெயர் வாங்கியவர். அவருடைய சிபாரிசில் 2005 ஆகஸ்ட் கடைசியில் லெபனானின் நான்கு பாதுகாப்புத் தலைவர்களைக் கைது செய்தார்கள். ஆதாரம் பெரும்பாலும் வாய்ச் சாட்சிகள். அந்தச் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். ஒருவர் சிரியத் தொலைக்காட்சியிலேயே தோன்றி, தான் சொன்னது பொய் என்றார். குற்றப்பத்திரிகை இல்லாமலேயே நால்வரும் ஏறக்குறைய நான்கு ஆண்டு சிறையில் இருந்து, 2009 ஏப்ரல் 29 அன்று தனி நீதிமன்றத்தின் உத்தரவால் வெளியே வந்தார்கள்.

மெலிஸ் 2005 அக்டோபரில் கொடுத்த அறிக்கையில் ஒரு கூத்தும் நடந்தது. அச்சில் பெயர்களை நீக்கிவிட்டார்கள், ஆனால் பத்திரிகைகளுக்குப் போன வேர்ட் கோப்பில் திருத்தங்களைத் திருப்பிப் பார்த்தால் நீக்கிய பெயர்கள் தெரிந்தன: அன்றைய சிரிய அதிபரின் தம்பியும் அக்காள் கணவரும். உலகமே படித்தது. அடுத்து ஆணையத் தலைவராக வந்த செர்ஜ் பிராமெர்ட்ஸ் பெயரே சொல்லாமல் அறிக்கை எழுதியதில் ஆச்சரியமில்லை. வாய்ச் சாட்சியை நம்பிக் கெட்டதால்தான் வழக்கு போன் பதிவுகளின் பக்கம் சாய்ந்தது என்பது என் கணிப்பு.

குற்றவாளிக் கூண்டில் ஆளே இல்லை. அதெல்லாம் ஒரு விசாரணையா?

லெபனான் சட்டம் ஆளில்லாமல் விசாரிக்க அனுமதிக்கிறது, இந்த நீதிமன்றம் லெபனான் சட்டத்தைத்தான் பின்பற்றியது (மரண தண்டனை மட்டும் கிடையாது). அன்றைய ஹெஸ்புல்லா தலைவர் நஸ்ருல்லா, முந்நூறு ஆண்டு ஆனாலும் பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்ற மாதிரி மேடையிலேயே சொல்லிவிட்டார். பிறகு காத்திருந்து பயன் என்ன? குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு நீதிமன்றமே வழக்கறிஞர்களை அமர்த்தியது. கட்சிக்காரரை ஒரு நாள்கூடப் பார்க்காமல் அவர்கள் உண்மையாகவே சண்டை போட்டார்கள். பிடிபட்டால் மறுவிசாரணை கேட்கும் உரிமையும் இருந்தது.

ஒரு வினோதம்: தண்டனைக்குப் பிறகு அய்யாஷின் வழக்கறிஞர்கள் மேல்முறையீடு செய்தபோது, ஆள் ஆஜராகாமல் அவர் சார்பில் மேல்முறையீடு செய்ய முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அரசுத் தரப்பு மட்டும் மேல்முறையீடு செய்ய முடிந்தது. இது எனக்கு உறுத்துகிறது.

தீர்ப்பு என்ன? சிலர் ஒருவர்தான் குற்றவாளி என்கிறார்கள், சிலர் மூன்று பேர் என்கிறார்கள்.

இரண்டும் சரி, காலம்தான் வேறு. பத்ருத்தீன் 2016 மே மாதம் சிரியாவில் இறந்ததால் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்தார்கள். மீதி நால்வர்: அய்யாஷ், ஹசன் மெர்ஹி, ஹுசைன் ஒனெய்ஸி, அசாத் சப்ரா. 2020 ஆகஸ்ட் 7-க்கு நாள் குறித்திருந்தார்கள். ஆகஸ்ட் 4-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்ததால் ஆகஸ்ட் 18-க்குத் தள்ளிப்போனது. அன்று அய்யாஷ் குற்றவாளி, மற்ற மூவர் விடுதலை. டிசம்பரில் அய்யாஷுக்கு ஐந்து ஆயுள் தண்டனை.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2022 மார்ச் 10 அன்று ஹசன் மெர்ஹி, ஹுசைன் ஒனெய்ஸி இருவரும் குற்றவாளிகள் என்று மாற்றினார்கள், ஜூனில் ஆயுள் தண்டனை. அசாத் சப்ராவின் விடுதலையை எதிர்த்து முறையீடே செய்யவில்லை. அதே போன் பதிவுகளைப் பார்த்து முதல் அமர்வு ‘போதாது’ என்றது, மேல் அமர்வு ‘எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் போதும்’ என்றது. மேலே சொன்ன பலவீனம் இங்கேதான் வெளிப்பட்டது.

அப்படியானால் ஹெஸ்புல்லாதான் செய்தது, சிரியாதான் சொன்னது என்று தீர்ப்பாகிவிட்டதா?

இல்லை. இதைத் தப்பாக எழுதாத பத்திரிகை குறைவு. ஹரீரியை ஒழிக்க சிரியாவுக்கும் ஹெஸ்புல்லாவுக்கும் நோக்கம் இருந்திருக்கலாம். ஆனால் ஹெஸ்புல்லா தலைமைக்குத் தொடர்பு இருந்ததற்கு ஆதாரம் இல்லை, சிரியாவுக்கு நேரடித் தொடர்பு இருந்ததற்கும் ஆதாரம் இல்லை என்று 2020 தீர்ப்பு எழுதியது. அரசியல் கொலை என்றது, கட்டளையிட்டவர் யார் என்று சொல்லவில்லை. நீதிமன்றத்தின் சட்டப்படி தனி ஆட்களைத்தான் விசாரிக்க முடியும். நாட்டையோ கட்சியையோ கூண்டில் ஏற்ற முடியாது. தண்டனை பெற்றவர்கள் ஹெஸ்புல்லா ஆதரவாளர்கள் என்பதை மட்டும் தீர்ப்பு ஏற்றது.

இஸ்ரேல் போன் கம்பெனிக்குள் ஆள் வைத்துப் பதிவுகளை மாற்றியிருக்கலாமே?

2010-இல் லெபனான் தொலைத்தொடர்புத் துறை ஊழியர்கள் சிலரை இஸ்ரேலுக்கு உளவு பார்த்ததாகக் கைது செய்தது உண்மை. அந்த ஆகஸ்டில் நஸ்ருல்லா, இஸ்ரேலிய வேவு விமானப் படங்கள் என்று சிலவற்றைக் காட்டியதும் உண்மை. ஆனால் கேன்டர் வாங்கிய இடம், கேமராப் பதிவு, ஹரீரியின் பயணக் குறிப்புகள் எல்லாம் போன் கம்பெனிக்கு வெளியே இருப்பவை. அவற்றோடு நேரம் தவறாமல் ஒத்துப்போகும்படி, மாதக்கணக்கான பதிவுகளை ஒருவர் நுழைத்திருக்க வேண்டும். ‘முடியலாம்’ என்பதற்கும் ‘நடந்தது’ என்பதற்கும் நடுவே ஓர் ஆதாரமாவது வேண்டும். அப்படி எதுவும் நீதிமன்றத்தின் முன் வரவில்லை.

இத்தனை வருஷம், இத்தனை பணம். அடிபட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

செலவில் 49 சதவீதம் லெபனான் தலையில். மீதியை மற்ற நாடுகள் கொடுத்தன. 2021-இல் பணம் தீர்ந்து, வேறு மூன்று தாக்குதல்கள் குறித்து அய்யாஷ் மீது தொடங்கவிருந்த இரண்டாம் விசாரணையை, தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது நிறுத்தினார்கள். 2023 டிசம்பரோடு நீதிமன்றமே மூடிவிட்டது. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வழக்கறிஞர் மூலம் விசாரணையில் பங்கெடுத்தார்கள், தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். ஆனால் நஷ்டஈடு வழங்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கவில்லை; தீர்ப்பை எடுத்துக்கொண்டு லெபனான் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பதுதான் சட்டம்.

சிவப்புப் போன்கள் எட்டு என்றீர்கள். தண்டனை பெற்றவர்களில் சிவப்பு வைத்திருந்தவர் எத்தனை பேர்?

அய்யாஷ் ஒருவர்தான். மெர்ஹியும் ஒனெய்ஸியும் வீடியோ விவகாரத்தின் பக்கம் வருபவர்கள். மீதி ஏழு போன்களுக்கும் விசாரணைக் கோப்பில் எண் உண்டு, நடமாட்டம் உண்டு, கடைசி அழைப்பின் நேரம் உண்டு, பெயர் இல்லை. அவற்றைச் சுமந்தவர்கள் சொந்தப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.